படம் ஒன்று, குரல் பல

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

எழுத்தறியாத பெரியவர்களுக்கு அசைவூட்டப் படங்கள் வழியே கற்பிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கானது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். உலகில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் சுமார் 75 கோடிப் பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் பெண்கள். இவர்களுக்காகவும் கார்ட்டூன்கள் வரையப்படுகின்றன. அவற்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மொசாம்பிக்கில் சம்பேசியா என்று ஒரு மாகாணம். அதில் குருவே என்பது தேயிலைத் தோட்டங்களுக்குப் பேர்போன மலைப்பாங்கான பகுதி. அங்குள்ள சிறு விவசாயிகளுக்குப் பீன்ஸ் பயறுதான் உணவு, அடுத்த பட்டத்துக்கு விதை, கைச்செலவுக்குக் காசு, எல்லாம். அறுவடை முடிந்து வீடு வந்த பயற்றில் கொஞ்ச நாளிலேயே வண்டு விழுந்துவிடும். வண்டு விழுந்த பயறு விதைக்கும் ஆகாது, விலைக்கும் போகாது. அதனால், எல்லார் வீட்டிலும் பயறு குவிந்து விலை அடிமட்டத்தில் கிடக்கும் அறுவடை நேரத்திலேயே கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவார்கள். சில மாதம் கழித்துச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் அதே பயற்றைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள். இந்த நட்டம் நமக்கும் புதிதல்ல. நம் வீடுகளில் துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்ததும் குதிருக்குள் வேப்பிலை போட்டதும் வண்டுக்குப் பயந்துதான்.

இதற்கு மருந்து தேவையில்லாத ஒரு வழி இருக்கிறது. எண்ணெய் வந்த பிளாஸ்டிக் கேன் ஒன்றை நன்றாகக் கழுவி ஈரமில்லாமல் காயவைக்க வேண்டும். பயற்றையும் நன்றாக உலர்த்தி, கழுத்துவரை நிரப்பி, குலுக்கி, இன்னும் கொஞ்சம் போட்டு, மூடியை இறுக்கித் திருகிவிட வேண்டும். அவ்வளவுதான். பயற்றோடு உள்ளே போன பூச்சிகள் கேனில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் சுவாசித்துத் தீர்த்துவிடும். அதன் பிறகு அவற்றால் தின்ன முடியாது, பெருக முடியாது, வைத்த இடத்திலேயே மடியும். ஆனால் கேனைப் பாதி நிரப்பி வைத்தால் காற்று மிஞ்சும், பூச்சி பிழைத்துக்கொள்ளும். இடையில் நாலு நாளுக்கு ஒருமுறை திறந்து பார்த்தாலும் அதே கதைதான். முறை எளிது. ஆனால் ஏன் நிரம்பியிருக்க வேண்டும், ஏன் திறக்கக் கூடாது என்று புரியாதவர் கட்டாயம் திறந்து பார்ப்பார்.

அந்தப் புரிதலைத் தருவதுதான் கடினம். தாய்ப்பூச்சி பயற்றின் தோல்மேல் முட்டையிடும். குண்டூசித் தலையளவுகூட இல்லாத அது எளிதில் கண்ணில் படாது. முட்டையிலிருந்து வரும் புழு பயற்றைத் துளைத்து உள்ளே போய், உள்ளேயே தின்று, உள்ளேயே வளர்ந்து, கடைசியில் வட்டமாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாக வெளியே வரும். விவசாயி பார்ப்பது ஓட்டையையும் வண்டையும் மட்டுமே. பயற்றிலிருந்தே வண்டு தானாக உண்டாகிறது என்று அவர் நினைத்தால் அது அறியாமையல்ல. கண்ணால் கண்டதிலிருந்து எவரும் எடுக்கக்கூடிய முடிவுதான் அது. சாதாரணக் கேமரா பயற்றுக்குள் போகாது. ஓவியரின் கை போகும். பயற்றைக் குறுக்கே வெட்டி, உள்ளே புழு நெளிவதைக் காட்டி, மூன்று வாரத்தை மூன்று நொடியில் ஓட்டிக் காட்ட முடியும். அசைவூட்டப் படத்துக்கு வேறெதற்கும் இல்லாத தகுதி ஒன்று உண்டென்றால் அது இதுதான். மனிதரைப் படம் பிடிக்கக் கேமரா போதும். கிருமி, முட்டை, காற்று, குடலுக்குள் நடக்கும் நீரிழப்பு ஆகியவற்றைக் காட்டத்தான் ஓவியம் வேண்டும்.

குருவே விவசாயிகளுக்கு அந்தக் கேன் முறையைச் சொன்ன படத்தைத் தயாரித்தது சாபோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் 'சயின்டிஃபிக் அனிமேஷன்ஸ் விதவுட் பார்டர்ஸ்' என்னும் பல்கலைக்கழகத் திட்டம். ஜூலியா பெல்லோ-பிராவோ, பேரி பிட்டென்ட்ரிக் என்னும் இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அதைத் தொடங்கினார்கள். பிட்டென்ட்ரிக் பூச்சியியலாளர். சில நிமிடமே ஓடும் இப்படங்களை எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சாதாரணக் கைப்பேசியிலும் ஓடும் அளவுக்குக் கோப்பு சிறியது. இணையம் இல்லாத ஊரில் ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்கு ப்ளூடூத் வழியாக அனுப்பிக்கொள்ளலாம். படம் காட்டி இரண்டு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் குருவேக்குத் திரும்பிப்போய்க் கேட்டபோது, விவசாயிகளில் 89 விழுக்காட்டினர் கேன் முறையைக் கைக்கொண்டிருந்தனர். அந்த எண்ணையே தலைப்பில் வைத்து அவர்கள் கட்டுரை வெளியிட்டார்கள்.

89 விழுக்காடு என்பது வேளாண் விரிவாக்கத் துறையில் இருப்பவர்கள் கனவிலும் காணாத எண். அதனாலேயே அது எதனால் வந்தது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலாவது, கேன் சந்தையில் கிடைத்தது, ஏழை விவசாயியும் வாங்கும் விலையில் கிடைத்தது. கிடைக்காத பொருளைப் பற்றி எவ்வளவு அழகான படம் எடுத்தாலும் அது பார்ப்பவருக்கு ஏக்கத்தைத்தான் தரும். இரண்டாவது, பலன் ஒரே பருவத்தில் கண்முன்னே தெரிந்தது. கேனைத் திறந்தால் பயறு ஓட்டையில்லாமல் இருந்தது. மூன்றாவதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மொசாம்பிக்கின் ஆட்சிமொழி போர்ச்சுகீசியம். ஆனால் படம் பேசியது லோம்வே, அந்த மலைப்பகுதி மக்கள் வீட்டில் பேசும் மொழி.

பெருந்தொகை செலவழித்து உருவாக்கப்பட்ட கல்விப் படங்கள் பல தோற்றது இந்த மூன்றாவது இடத்தில்தான். படத்துக்கு ஓவியர், வண்ணம் தீட்டுபவர், இசை, படத்தொகுப்பு என்று மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, கடைசி வாரத்தில் யாரோ ஒருவரை ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்காரவைத்து வானொலிச் செய்தி வாசிப்பது போல வாசிக்கச் சொல்லிவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் புரியாத சொல்லை எழுத்தில் பார்த்தாவது ஊகித்துக்கொள்வார். எழுத்தறியாதவருக்குக் காது ஒன்றே கதி. 'ஈரப்பதம் குறைந்த நிலையில் சேமிக்கவும்' என்று சொல்லும் குரல் அவருக்குப் பயன்படாது. 'பல்லால் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது, அப்போதுதான் கேனில் போடு' என்று சொல்லும் குரல் பயன்படும். சாபோ படங்களில் பெரும்பாலும் பாத்திரங்கள் வாயசைத்துப் பேசுவதில்லை, ஒரு கதைசொல்லியின் குரலே முழுக்க ஒலிக்கும். படத்தைத் தொடாமல் குரலை மட்டும் மாற்றினால் அடுத்த மொழிக்கு ஆயிற்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிக்கவும் பணியாற்றவும் வந்த அந்தந்த மொழிக்காரர்களையே குரல் கொடுக்கவைத்து நூற்றுக்கணக்கான மொழிகளுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். படம் ஒன்று, குரல் பல. மேற்கு ஆப்பிரிக்காவில் ஐந்து லட்சம் பேர் மட்டும் பேசும் ஒரு மொழிக்குத் தனியாக ஒரு படம் எடுக்க எந்த அரசும் முன்வராது. ஆனால் அந்த மொழியில் ஒரு குரலைப் பதிவு செய்ய ஒரு பிற்பகல் போதும்.

இந்த முயற்சிக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. அதில் பெருமைப்பட வேண்டியதும் இருக்கிறது, முகம் சுளிக்க வேண்டியதும் இருக்கிறது.

பிரிட்டிஷ் அரசு 1939இல் காலனியத் திரைப்படப் பிரிவு ஒன்றை லண்டனில் அமைத்தது. அதை நடத்திய வில்லியம் செல்லர்ஸ் முன்னதாக நைஜீரியாவில் சுகாதாரப் படங்களைக் காட்டிய அதிகாரி. ஆப்பிரிக்க மக்களுக்குத் திரைப்பட மொழி புரியாது, எனவே மெதுவாக, நீளமாக, எந்தத் தந்திரமும் இல்லாமல் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. அதற்குச் சான்றாக ஒரு கதை உலகமெங்கும் சுற்றியது. ஜான் வில்சன் என்னும் ஆய்வாளர் சொன்னதை 1962இல் ஊடகச் சிந்தனையாளர் மார்ஷல் மெக்லூகன் தம் நூலில் எடுத்தாண்டார். தேங்கிய நீரை அகற்றுவது எப்படி என்று சுகாதார ஆய்வாளர் ஒருவர் காட்டும் படம். பார்த்த கிராமத்தாரிடம் என்ன கண்டீர்கள் என்று கேட்டால், கோழியைக் கண்டோம் என்றார்கள். படமெடுத்தவர்களுக்கே கோழி இருந்தது தெரியாது. சட்டகம் சட்டகமாக ஓட்டிப் பார்த்தபோதுதான், திரையின் ஓரத்தில் ஒரு நொடி ஒரு கோழி பதறிப் பறந்தது தெரிந்தது.

இந்தக் கதையை மக்களின் இயலாமைக்குச் சான்றாகச் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. நிதானமாக வேலை செய்யும் ஒரு அந்நிய மனிதரின் நடமாட்டத்தில், பார்த்தவர்களின் வாழ்க்கையைத் தொடும் எதுவும் இல்லை. கோழி தொட்டது. தம் படத்திலேயே தாம் பார்க்காத ஒன்றைப் பார்த்த கண்ணை, பார்க்கத் தெரியாத கண் என்று படமெடுத்தவர்கள் சொன்னது அநீதி. எழுத்தறியாதவர் பார்க்கத் தெரியாதவர் அல்லர். வேறு விதமாகப் பார்க்கப் பழகியவர்.

ஆனால் படம் எல்லாருக்கும் தானாகப் புரிந்துவிடும் என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. நேபாளத்தில் 1976இல் யுனிசெஃப் துணையோடு டயானா ஃபஸல், ஆனே ஹாலாண்ட் என்னும் இருவர் கிராமத்துப் பெரியவர்களிடம் படங்களைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். ஒளிநிழல் கொடுத்து வரைந்த படமும், பின்னணியை வெட்டி நீக்கிய புகைப்படமும் பலருக்குப் புரிந்தன. குச்சி மனிதர் போன்ற சுருக்க ஓவியங்கள் அவ்வளவாகப் புரியவில்லை. படங்களை வரிசையாக வைத்தால் இடமிருந்து வலமாகத்தான் பார்க்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? அது எழுத்து கற்றுத் தந்த பழக்கம். நமக்குப் பள்ளியில் வந்தது, பிறவியில் வந்ததல்ல. சரிக்குறி, தவறுக்குறி, கடிகார முள் சுற்றினால் நேரம் போகிறது, தலைக்குமேல் மேகம் வரைந்தால் நினைக்கிறார் என்பவையெல்லாம் இப்படி வந்தவையே. எழுத்தே இல்லாத படம் என்று நாம் நினைக்கும் படத்துக்குள் எழுத்தின் பழக்கங்கள் எத்தனை ஒளிந்திருக்கின்றன என்பதை ஓவியர்கள் உணர்வதில்லை.

பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த இந்திராணி மேதியும் அவர் குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. எழுத்தறியாத 200 பேருக்கு நோய் அறிகுறிகள் 13ஐ வெவ்வேறு வடிவங்களில் காட்டினார்கள். எழுத்து, ஓவியம், புகைப்படம், கையால் வரைந்த அசைவூட்டம், காணொளி ஆகிய ஐந்தும் குரலோடும் குரலில்லாமலும். அசைவும் நிறமும் தகவலும் கூடக்கூடப் புரிதலும் கூடும் என்று நாம் நினைப்போம். அப்படி வரவில்லை. குரல் பொதுவாக விரைவாகப் புரிந்துகொள்ள உதவியது. ஆனால் படமும் குரலும் ஒருசேர வரும்போது சிலர் குழம்பவும் செய்தார்கள். அசையும் படம் அசையாப் படத்தைவிட மேல் என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியவில்லை, எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. தலைவலியைக் காட்ட அசைவு வேண்டாமல் இருக்கலாம். வாந்தியைக் காட்ட வேண்டியிருக்கலாம்.

வால்ட் டிஸ்னி நிறுவனம் 1943இல் அமெரிக்க அரசுக்காக லத்தீன் அமெரிக்க நாடுகளை மனத்தில் வைத்து மலேரியாப் படம் ஒன்று எடுத்தது. ஸ்னோ ஒயிட் கதையின் ஏழு குள்ளர்கள் வந்து கொசுவை ஒழிப்பார்கள். ஓவியத் திறத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்தக் குள்ளர்கள் எந்த ஊர்க்காரர்கள்? ஆண்டீஸ் மலைக் குடியானவருக்கு அவர்கள் யார்? ஆறே ஆண்டுகள் கழித்து, 1949இல், கனடாவின் அசைவூட்டக் கலைஞர் நார்மன் மெக்லாரன் யுனெஸ்கோ சார்பில் மேற்குச் சீனத்துக்குப் போனார். கிராம சுகாதாரத்துக்குப் படம் எடுத்துத் தருவது அவர் வேலையாக இருக்கவில்லை. சுவரொட்டியும் படச்சுருளும் அசைவூட்டமும் மலிவாகச் செய்யும் வழிகளை உள்ளூர் ஓவியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். உலகப் புகழ் பெற்ற கலைஞர் ஒருவர் தம் தூரிகையைப் பிறர் கையில் கொடுத்த அந்தச் செயலை, இத்துறையில் நடந்த மிகப் பெரிய காரியங்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

நம் நாட்டிலும் அப்படி ஒன்று நடந்தது. பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனில் 1956இல் கார்ட்டூன் பிரிவு தொடங்கியபோது, டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி தந்தார். அங்கே தொழில் கற்றவர்களில் ஒருவர் ராம் மோகன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு யுனிசெஃப் டாக்கா அலுவலகத்தில் நீல் மெக்கீ தெற்காசியச் சிறுமிகளுக்காக ஒரு பாத்திரம் வேண்டும் என்று தேடியபோது அதற்கு உயிர் கொடுத்தவர் அதே ராம் மோகன்தான். மீனா, அவள் தம்பி ராஜு, கிளி மிட்டு. பள்ளிக்கு அனுப்பப்படாத மீனா, கிளியை வகுப்புக்கு அனுப்பி வாய்ப்பாடு கற்றுக்கொள்கிறாள், கோழிகளை எண்ணி ஒன்று குறைவதைக் கண்டுபிடிக்கிறாள், திருடன் பிடிபடுகிறான். இங்கேயும் ஒரு கோழி வருகிறது. ஆனால் இந்தக் கோழி பாடத்தின் நடுவில் நிற்கிறது. மீனாவின் உடை, முகம், வீடு எல்லாவற்றையும் வங்கதேசம், இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் மக்களிடம் காட்டிக் கேட்டுத் திருத்தித் திருத்தியே முடிவு செய்தார்கள். அந்தப் பொறுமைதான் மீனாவை வங்கதேசத்தின் வீட்டுப்பிள்ளையாக்கியது.

அடுத்தது அளவீடு. இன்று ஒரு கல்விப் படம் வெற்றியா தோல்வியா என்பதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை வைத்தே சொல்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்குக்கு உப்பும் வெல்லமும் கலந்த நீர் தயாரிக்கத் தாய்மார்களுக்குக் கற்பித்தது. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அசைவூட்டம் எதுவுமில்லை. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாயே தன் கையால் கலக்க வேண்டும். பணியாளருக்குச் சம்பளம் எத்தனை வீடு ஏறினார் என்பதற்கல்ல. சில வாரம் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்குப் போய், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்பார், கலந்து காட்டச் சொல்வார். அதற்கேற்பத்தான் கூலி. உப்பு மிகுந்தால் குழந்தைக்கு ஆபத்து என்பதால், கலந்த நீரை ஆய்வகத்தில் சோதித்தார்கள். தொடக்கத்தில் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டியவை என்று பத்துச் செய்திகள் இருந்தன. பத்தும் நிற்காது என்று கண்டு ஏழாகக் குறைத்தார்கள். கற்றுக்கொண்ட தாய்மார் பலர் அதைப் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தபோது காரணம் தேடினார்கள். கற்பிக்கும் பணியாளர்களில் சிலரே தங்கள் வீட்டில் அதை நம்பிக் கொடுக்கவில்லை என்பது வெளிவந்தது. உடனே பணியாளர் பயிற்சியை மாற்றினார்கள், ஆண்களையும் கூட்டத்துக்கு அழைத்தார்கள். எத்தனை படங்களுக்கு இப்படி ஒரு சோதனை நடந்திருக்கிறது?

படம் காட்டியபின் வரும் அரைமணி நேரமும் பாடத்தில் சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட் இந்திய ஆய்வகத்தில் ரிகின் காந்தி தொடங்கிய டிஜிட்டல் கிரீன், உள்ளூர் விவசாயிகளையே நடிக்கவைத்துப் படமெடுத்துக் கிராமத்தில் காட்டியது. அசைவூட்டமல்ல, நேரடிக் காணொளி. அங்கே படத்தை நடுவில் நிறுத்தி, இப்போது என்ன செய்தார் என்று கேட்டு, சந்தேகத்தைக் கேட்டு வாங்கி, மறுபடி ஓட்டிக் காட்டும் உள்ளூர் ஆள் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் இல்லாமல் படத்தை மட்டும் ஓட்டினால் பலன் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. ஓடிக்கொண்டே இருக்கும் திரையின் முன் எழுத்தறியாதவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார், கேட்டால் தம் அறியாமை தெரிந்துவிடும் என்ற கூச்சம் இருக்கும். நிறுத்தும் பொத்தான் அவர் கையிலோ, அவர் நம்பும் ஒருவர் கையிலோ இருக்க வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் சிக்கல் இன்னும் கடுமை. வேளாண்மை அலுவலர் ஊருக்கு வந்தால் கூட்டத்துக்கு ஆண்கள் போவார்கள். பயற்றை உலர்த்துவதும் புடைப்பதும் சேமிப்பதும் பெண்கள். கைப்பேசியில் படம் வருகிறது என்று மகிழ்கிறோம். அந்தக் கைப்பேசி யார் சட்டைப்பையில் இருக்கிறது? ப்ளூடூத்தில் படம் கை மாறும்போது ஆண்களிடையேதான் மாறுகிறது என்றால், அடுப்பங்கரையில் இருக்கும் கேனுக்கு அது எப்படி வந்து சேரும்? பெண்கள் தமக்குள் கூடும் இடம் ஒவ்வொரு ஊரிலும் ஒன்று உண்டு. அங்கன்வாடியோ, தண்ணீர்க் குழாயோ, சுயஉதவிக் குழுக் கூட்டமோ. படம் போக வேண்டியது அங்கே.

இந்த அவையில் இதழியல், காட்சித் தொடர்பியல், வேளாண்மை, சமூகப்பணி மாணவர்கள் இருக்கிறீர்கள். உங்களில் பலர் படிப்பு முடியுமுன் ஒரு விழிப்புணர்வுக் குறும்படமாவது எடுப்பீர்கள். உங்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள்கள். முதல் ஓவியம் வரைந்ததுமே, வண்ணம் தீட்டுமுன், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டி, என்ன தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். குரலுக்கான பணத்தைத் திட்டத்தின் முதல் வரியில் எழுதுங்கள், படத்தைப் பார்க்கப்போகும் ஊரிலிருந்தே அந்தக் குரலைத் தேடுங்கள். மூன்றாவது, துறைத்தலைவர்களிடமும் சேர்த்தே சொல்கிறேன். தமிழில் வந்துள்ள நலவாழ்வு, வேளாண்மைக் கல்விப் படங்களில் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்த எழுத்தறியாத பெண்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின்னும் அதன்படி செய்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு அறியும் முனைவர் பட்ட ஆய்வு ஒன்றை இந்த ஆண்டே உங்கள் துறையில் பதிவு செய்யுங்கள்.